தாழ்வாரத்தில் காத்திருக்கும் தாய்மாருக்கு ஓர் அறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளையொட்டி உங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். குழந்தைநல மருத்துவர், மனநல மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், துறை அதிகாரி என்று எல்லாரும் பேசியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் குறை காண எனக்குப் படிப்பு போதாது. ஆனால் இப்படிப்பட்ட ஒரு பிள்ளையோடு விடிந்ததிலிருந்து அது தூங்கும்வரை (இரவு பத்தாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம்) மல்லுக்கட்டும் ஒரு தாயின் பேச்சு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறைக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். வெட்டுவதாக இருந்தால் என்னைப் பற்றிய பகுதியை வெட்டிவிட்டு, தாய்மாரைப் பற்றிய பகுதியை விட்டுவையுங்கள்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். மருமகன் திருப்பூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்து போகிறார். பேரனுக்கு ஆட்டிசம்: பேச்சு, பிறரோடு பழகுவது, ஒலியையும் தொடுதலையும் உணர்வது எல்லாம் மற்ற பிள்ளைகளைப் போல் இல்லாத வளர்ச்சிக் குறைபாடு. அவனை வட்டார வள மையத்துக்குக் கூட்டிப் போவது என் வேலை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஒன்றியங்களில் இயங்கும் இந்த மையங்களில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். எங்கள் சிறப்பாசிரியர் தங்கமானவர். ஆனால் அவர் ஒருவர், பிள்ளைகள் ஏராளம். ஒரு பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் அன்றைக்கு யோகம். மற்ற நேரமெல்லாம் தாய்மார் வெளியே தாழ்வாரத்தில், ஒரு கால் ஆடும் பெஞ்சிலும் அதைச் சுற்றித் தரையிலும் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். முதலில் தள்ளித் தூணோரமாக நின்றுகொண்டிருந்தேன். “ஏன் தாத்தா கால் கடுக்க நிற்கிறீர்கள், வந்து உட்காருங்கள்” என்று அவர்களே நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து கேட்டதையும் பார்த்ததையும்தான் எழுதுகிறேன்.

பேரனுக்கு நகம் வெட்டுவது எங்கள் வீட்டில் பெரும்பாடு. நகவெட்டியைக் கண்டாலே அலறுவான். தூக்கத்தில் வெட்டப் போனால் விழித்துக்கொண்டு விடியும்வரை அழுவான். அந்த நகத்தால் தன் கழுத்தையே கீறிக்கொள்வான். இதைச் சொன்னபோது பந்தல்குடியிலிருந்து வரும் பெண், தன் மகனுக்குச் செய்வதை என் கையைப் பிடித்தே செய்து காட்டினார். முதலில் சொரசொரப்பான தேங்காய்ப்பூத் துண்டால் உள்ளங்கையை அழுத்தித் துடைக்க வேண்டும். மெல்லத் தடவக் கூடாது. லேசாகத் தொட்டால்தான் இவனைப் போன்ற பிள்ளைகள் பலருக்குக் கூசும், அழுத்திப் பிடித்தால் அடங்குவார்கள் என்றார். பிறகு ஒவ்வொரு விரல்நுனியையும் கெட்டியாகப் பிடித்து ஐந்து எண்ணும்வரை விடக் கூடாது. அதன்பின் ஒரே ஒரு நகம். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் இரண்டு கைகளை வரைந்து வைத்து, வெட்டிய விரலுக்கு அவனையே வண்ணம் தீட்டச் சொல்ல வேண்டும். மறுநாள் அடுத்த விரல். பத்து விரலும் முடிந்து முதல் விரலுக்குத் திரும்பும்போது அங்கே நகம் வளர்ந்திருக்கும். “ஆசைப்பட்டு ஒரே நாளில் இரண்டு வெட்டிவிடாதீர்கள் தாத்தா, பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்” என்று எச்சரிக்கையும் செய்தார். புலன் உணர்வு, அழுத்தம் என்று பயிற்சியாளரும் எங்களுக்குச் சொல்லித்தான் இருந்தார். அது துண்டாகவும் நாட்காட்டியாகவும் எங்கள் வீட்டுக்குள் வந்தது இந்தப் பெண்ணால். இப்போது பேரன் தானே கையை நீட்டுகிறான். கட்டைவிரல் முறை வரும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஆதார் கதை இன்னொன்று. பிள்ளைக்கு ஐந்து வயதானதும் கைரேகையையும் கருவிழியையும் பதிய வேண்டும், பதினைந்து வயதில் மறுபடியும் பதிய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கண்ணாடித் தட்டின்மேல் நான்கு விரலையும் அசையாமல் வை என்றால் எங்கள் பிள்ளைகள் வைப்பார்களா? வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்ட, கணினியின் முன்னால் இருப்பவர் “இன்னொரு நாள் வாருங்கள்” என்று அனுப்பிவிடுவார். ஆதார் சரியாக இல்லாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு இழுபறி. அட்டை இல்லாவிட்டால் அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இல்லை. பாலவனத்தத்துப் பெண் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சோப்பு டப்பாவின் மூடியில் பச்சைக் காகிதத்தை ஒட்டி, வீட்டில் தினமும் விளையாட்டாக நான்கு விரலை வைத்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணியதும் எடுக்கப் பழக்கினார். ஆதார் மையத்துக்குப் போகும்போதும் அந்த டப்பாவைக் கையோடு கொண்டுபோனார். அந்த டப்பா பிறகு பல வீடுகளுக்குப் போய்வந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. இப்படி ஒரு உத்தியை எந்தக் கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள்?

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி இருப்பதால் காதுகுத்து முதல் கட்சி ஊர்வலம்வரை எதற்கும் வெடிதான். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது தினசரிச் சோதனை. எங்கள் தாய்மார் இப்போது கைப்பேசியில் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே தகவல் சொல்லிக்கொள்கிறார்கள்: இன்ன தெருவில் இத்தனை மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு, வெடி உண்டு, பிள்ளையை அந்தப் பக்கம் கூட்டிவராதீர்கள். திருமண வீட்டாரிடம் போய்ச் சண்டை போடவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. பிள்ளை ஒரு மாலைப் பொழுதை நிம்மதியாகக் கழிக்கிறது, அவ்வளவுதான்.

பஸ்ஸைப் பற்றி நான் பேசாமல் இருந்தால் தொழிலுக்குத் துரோகம். பஸ்ஸில் பிள்ளை அலறினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் ஒருவராவது “வளர்ப்பு சரியில்லை” என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து வீட்டோடு முடங்கிவிட்ட தாய்மாரை எனக்குத் தெரியும். எங்களுடன் வருகிறவர்கள் இப்போது முடிந்தவரை ஒரே பஸ்ஸில் சேர்ந்து ஏறுகிறார்கள். ஒரு பிள்ளை அலறினால் மற்ற நான்கு தாய்மார் சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதைப் பார்த்துப் பயணிகளும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மாற்றுத்திறனாளிக்கு மட்டுமல்ல, துணைக்கு வருகிறவருக்கும் 2021 முதல் கட்டணம் கிடையாது என்பதைப் பெஞ்சில் இருந்த பாதிப் பேருக்கு நான்தான் சொன்னேன். பெண்களுக்கு எப்படியும் கட்டணம் இல்லை என்பதால் அவர்களுக்கு அது பயன்படவில்லை. பயனடைந்தவன் நான்.

இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். அந்தப் பெஞ்சுக்கு வர முடியாத தாய்மாரும் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான் இருந்தன. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இல்லை. ஆனால் இந்த 21-க்குள்ளும் ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் தனியாக இடம்பெறவில்லை. அந்தப் பிள்ளைக்கு அதற்கென்று அட்டை இல்லை, உதவித்தொகை இல்லை, எந்த மையத்தில் காத்திருப்பது என்றுகூடத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு அவன் வெறும் அடங்காப்பிடாரி. ஒரு நாள் எங்கள் கூட்டத்தில் ஒருவர் தன் தெருவிலிருந்து அப்படி ஒரு தாயைக் கூட்டிவந்தார். ஒரு தனியார் பள்ளி அவர் மகனை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டது. அடுத்த பள்ளியும் அதே தொனியில் பேசத் தொடங்கியிருந்தது. வந்தவர் தன் கதை எதையும் சொல்லவில்லை. “உங்கள் பிள்ளைகள் இரவில் தூங்குவார்களா?” என்று மட்டும் கேட்டார். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அறை விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, சாயங்காலம் எவ்வளவு நேரம் ஓடவிடுவது, கைப்பேசியை எங்கே ஒளித்து வைப்பது, கனமான ஜமுக்காளத்தை எப்படி மடித்துப் போர்த்துவது என்று ஆளுக்கொன்று. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் மகனை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டச் சொல்லி வழி சொன்னதும் இவர்கள்தான்.

இது ஏதோ அபூர்வமான சிக்கல் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, இரண்டு முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு நரம்பு வளர்ச்சி சார்ந்த ஒரு குறைபாடாவது இருக்கிறது. காது, கண், வலிப்பு, கற்றல் குறைபாடு, ஏ.டி.எச்.டி. எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஐந்து பேர். இத்தனை குடும்பங்களுக்குமான நிபுணர்கள் நம் ஊர்களுக்கு எந்த ஆண்டு வந்து சேர்வார்கள்? அதுவரை அந்தக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கப்போவது அதே பாதையில் இரண்டு வருடம் முன்னால் நடந்த இன்னொரு குடும்பம்தான்.

இதில் ஆபத்தும் உண்டு. ஒரு தாய் ஒரு தனியார் மருத்துவமனையின் துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூல செல்) சிகிச்சை கொடுத்தால் ஆட்டிசம் குணமாகிவிடுமாம். சில லட்சங்கள் ஆகுமாம். நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதை விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுங்குமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நன்னெறி வாரியம் 2022 டிசம்பரில் சொல்லியிருப்பதைச் சிறப்பாசிரியர் வந்து எடுத்துச் சொன்ன பிறகே நகை தப்பித்தது. பெற்றோர் கூடிப் பேசும் இடத்தில் இப்படிப்பட்ட சரக்கும் வந்து விழும். ஒட்டகப் பால், ஒரே மாதத்தில் பேச வைக்கும் சூரணம் என்று நம்பிக்கையை விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்: மருந்தின் பெயரை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அது மருத்துவர் பாடு. இன்னொரு கட்டுப்பாடு, இங்கே கேட்டதை ஊரில் போய்ப் பேசுவதில்லை. சிறிய ஊரில் இரண்டாவதைக் காப்பாற்றுவதுதான் கடினம். ஒரு வீட்டில் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தபோது, தம்பியைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். தாய் மறுத்துவிட்டார். எங்கள் கூட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் விருந்தாளிகளைப் போலப் போய், கூடத்திலேயே அந்தப் பையனோடு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்தார்கள், பையனோடு இரண்டு வார்த்தை பேசினார்கள், போனார்கள். சம்பந்தம் முடிந்ததா என்று நான் எழுதப்போவதில்லை. அது எங்கள் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது.

அதிகாரிகள் சொல்ல மறந்ததையும் இந்தத் தாழ்வாரம் சொல்லித் தருகிறது. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ இருந்தாலும், பெற்றவர்கள் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர்கள் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் ஆணை பெற வேண்டும். வங்கிக் கணக்கு, சொத்து என்று வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. இருபத்திரண்டு வயது மகளை வைத்திருக்கும் ஒரு தாய் இந்த ஆணைக்காக அலைந்து வாங்கிவிட்டார். இப்போது எந்தக் காகிதம் முதலில், எந்தக் காகிதம் பிறகு என்று வரிசையாகச் சொல்கிறார். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டுப் பெறலாம் என்பதும் இப்படித்தான் வாய்வழியாகப் பரவுகிறது.

இதெல்லாம் பெண்கள் உட்கார்ந்து பேசுவது, இதற்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சில விவரங்கள். இப்படிப்பட்ட குழந்தைகளை வளர்ப்போருக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் பயிற்சியில் ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் உண்டு. நிபுணர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்று அதை நடத்தலாம். அமெரிக்காவின் ஒமாகா நகரில் 1971-இலேயே, அனுபவப்பட்ட ஒரு தாயைப் புதிதாகக் குறைபாட்டை அறிந்த குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டார்கள் என்று சிறப்பாசிரியர் சொன்னார். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? பிள்ளைகளுக்கு அவர்கள் வசிக்கும் இடத்திலேயே பாடம் சொல்லிக்கொடுத்த ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்த மாநிலம் இது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள்தான் வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பி, பெற்றோரையும் சேர்த்துப் பழக்கி வருகிறது. அனுபவமுள்ள ஒரு தாய்க்கு இதேபோல் பயிற்சியும் மதிப்பூதியமும் கொடுப்பதற்கு என்ன தடை?

குறிப்பாக, குறைபாடு உறுதியாகும் அன்றைக்கு யாராவது வேண்டும். மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்ன நாளில் என் மகள் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்துக் கடையைத் தேடினாள். சீட்டில் மருந்து எதுவும் எழுதியிருக்கவில்லை. வாரம் இருமுறை பயிற்சி என்று ஒரு வரி மட்டும். கடைக்காரர் திருப்பிக் கொடுத்த பிறகும் அடுத்த கடைக்குப் போனாள். அந்த நேரத்தில் மருத்துவருக்குப் பக்கத்து அறையில், இதே சீட்டை முன்பே வாங்கிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் போதும். குடும்பம் சம்மதித்தால் அவருடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடலாம். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இதைச் செய்யப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை.

வட்டார வள மையங்களில் நாங்கள் கேட்பது அதைவிட எளிது. பயிற்சி நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஓர் அறை, ஒரு மின்விசிறி, அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். மூன்றாவதை அதிகாரிகள் மறந்துவிடுவார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை மாடிப்படியில் ஏறுகிறதா, தெருவுக்கு ஓடுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டு எந்தத் தாயாலும் முழு வாக்கியம் பேச முடியாது. பாதி வாக்கியத்திலேயே எழுந்து ஓடியவர்கள் திரும்பி வரும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அட்டை இருக்கிறதா என்று கேட்காமல் ஏ.டி.எச்.டி. பிள்ளைகளின் பெற்றோரையும் அந்த அறைக்குள் விட வேண்டும்.

தந்தையரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மையத்துக்கு வண்டியில் கொண்டுவந்து விடுகிறவர்கள் உண்டு. வாசலில் வண்டியைக் கூட அணைக்காமல் திரும்பிவிடுவார்கள். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்பது உண்மைதான். ஆனால் விடுமுறை நாளிலும் வேப்பமரத்தடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது. பேசினால் அழுதுவிடுவோமோ என்ற பயம் என்று என் மருமகனே ஒருமுறை சொன்னார். தாய்மாருக்கு அறை கிடைத்தால், ஞாயிற்றுக்கிழமை அதே அறையைத் தந்தையருக்கும் திறந்துவைக்க வேண்டும் என்று மனுவில் சேர்த்திருக்கிறோம்.

அந்த மனுவை வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். தாய்மார் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தந்தையரிடம் கையெழுத்து வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்காமல் படிக்கட்டு வழியாக நழுவப் பார்ப்பவர்களைக் காலமெல்லாம் பிடித்தவன் நான். மரத்தடியில் நிற்பவர்களும் தப்பப்போவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர்,
விருதுநகர் மாவட்டம்.
(பேரனின் பள்ளியை முன்னிட்டுப் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)